யானை என்று எழுதிய பள்ளி

பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குத் தான் நடத்தும் தேர்விலிருந்து கவிதை வினாவை எடுத்துவிட்டு, நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா என்று இராஜபாளையத்து அறக்கட்டளை ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறது. வினாத்தாள் பொறுப்பில் இருக்கும் இளம் ஆசிரியை சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து கருத்துக் கேட்டார்.

"மையக்கருத்தை இப்ப பிள்ளைக போன்லயே கேட்டு வாங்கிருதுக டீச்சர். நாம எதுக்கு உக்காந்து எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கணும்? வட்டத்தைக் கறுப்பாக்கட்டும், மெஷின் திருத்திரும்."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பேசினால் பாதி விட்டுப்போகும், எழுதித் தருகிறேன் என்றேன். இது அவருக்காக எழுதியது. மற்ற தமிழாசிரியர்களும் வாசிக்கலாம்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து நேராக வகுப்புக்கு வந்தவள் அல்ல. மதுரையில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். திருமணமாகி இராஜபாளையம் வந்த பிறகு அந்த வேலை கட்டுப்படியாகவில்லை. பி.எட். படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். பணிக்காலம் முழுக்க அதே பள்ளிதான். காலையில் பேருந்து, மாலையில் பேருந்து.

நாளிதழில் கற்றதில் இரண்டு விஷயங்களை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். முதலாவது, என்ன நடந்தது என்று தெரியாமல் அதற்கு என்ன பொருள் என்று எழுதக் கூடாது. இரண்டாவது, எங்கள் செய்தி ஆசிரியர் சொன்னது: "ஒரே கூட்டத்துக்குப் போன நாலு நிருபர்களும் சின்ன விஷயத்துல ஒத்துப்போக மாட்டாங்க. ஒத்துப்போனா மூணு பேர் போகவே இல்லைன்னு அர்த்தம்."

பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு ஒரு குறுங்கவிதையைக் கரும்பலகையில் எழுதினேன். பேருந்து நிலையத்தில் ஒற்றைச் செருப்பு மழையில் நனைகிறது, அவ்வளவுதான் கவிதை. மையக்கருத்து என்ன என்று கேட்டேன். முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஒற்றுமையே வலிமை, டீச்சர்."

"எந்த வரியில் இருக்கிறது?"

"ஒரு செருப்ப வச்சு என்ன செய்ய? ரெண்டும் சேந்தாத்தான நடக்க முடியும். அப்ப ஒற்றுமைதான?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வழிகாட்டி நூலில் இருந்த மையக்கருத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தாள். நாட்டுப்பற்று, ஒற்றுமை, இயற்கையின் அழகு, உழைப்பின் உயர்வு. எந்தக் கவிதை வந்தாலும் இந்த நான்கில் ஒன்று பொருந்தும் என்பது அவள் கணக்கு. பெரும்பாலும் மதிப்பெண்ணும் கிடைத்துவந்தது. தவறு அவளுடையது அல்ல.

அன்று முதல் என் வகுப்பில் ஒரு முறையை வைத்தேன். கவிதையை முதலில் இரண்டு முறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்போது யாரும் பொருள் சொல்லக் கூடாது. பிறகு கவிதைக்குள் கண்ணில் படுவது, காதில் விழுவது, மூக்குக்கு எட்டுவது எல்லாவற்றையும் எழுத வேண்டும். அடுத்து, இதையெல்லாம் பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். செருப்பைப் பார்க்கிறவர் பேருந்துக்குள் இருக்கிறாரா, மழையில் நிற்கிறாரா? அதைக் கேட்டால் பாதிக் கவிதை திறந்துவிடும். அதற்குப் பின், நாம் நினைக்கும் பொருளுக்கு ஒத்துவராமல் இடிக்கிற வரி எது என்று தேட வேண்டும். இடிக்கிற வரியை ஒளித்துவைக்கக் கூடாது. கடைசியாகத்தான் மையக்கருத்து, அதுவும் ஒரே வாக்கியத்தில். 'அழகு', 'அமைதி', 'இயற்கை' என்ற மூன்று சொற்களும் அதில் வரக் கூடாது.

"அப்ப என்னத்த டீச்சர் எழுத?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, இதே அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு தேர்வு வைத்து, தேர்வானவர்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியில் தங்க வைத்து மேல்நிலைப் படிப்பு படிக்க வைப்பார்கள். மலையடிவாரத்து ஊர்களில் பல வீடுகளுக்கு இதுதான் வழி. இது கிடைக்காவிட்டால் பெண்ணின் படிப்பு பத்தாவதோடு நின்றுவிடும். மில்லுக்கு ஆள் எடுக்கும் வேன் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

குழுவின் தலைவர் வரதராஜன் சார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். வந்ததும் மேசையைத் தன் துண்டால் துடைப்பார். விடைத்தாள் கட்டை அவிழ்த்து நான்கு ஓரமும் சமமாகும்வரை தட்டுவார். ஒரு விடையில் ஐயம் வந்தால் பேனாவைத் தாளின் குறுக்கே படுக்க வைப்பார். பேனா படுத்துவிட்டால் நாங்கள் காரணம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் "மேல சொல்லுங்க" என்பார். மேலே சொல்ல எதுவும் இல்லையென்றால் நம் காரணம் போதவில்லை என்று அர்த்தம். பேனா எழுந்தால்தான் அடுத்த தாள். மூன்றாவது ஆள் சேத்தூரிலிருந்து பைக்கில் வரும் செந்தில், புதிதாக வேலையில் சேர்ந்த தமிழாசிரியர்.

புத்தகக் கவிதையைக் கேட்டால் மனப்பாடம்தான் வரும் என்பதால் கவிதையை வரதராஜன் சாரே எழுதியிருந்தார்:

வானம் இறங்கி வந்து
தோப்புக்குள் நிற்கிறது.
இலைகள் பேச்சை நிறுத்திவிட்டன.
ஒடியும் சத்தம் மட்டும்
நடந்து வருகிறது.
மண் மணக்கிறது.

விடைக்குறிப்பும் அவருடையதே. தாழ இறங்கிய கருமேகம், காற்று நின்ற கணம், காய்ந்த சருகில் முதல் துளிகள் விழும் ஓசை, மண்வாசனை. மையக்கருத்து: மழைக்கு முந்தைய கணத்தின் எதிர்பார்ப்பு.

ஒரு கட்டுக்கு ஒரு பள்ளி. பள்ளியின் பெயர் மறைக்கப்பட்டு எண் மட்டும் இருக்கும். பெரும்பாலான கட்டுகளில் மழை வந்தது. சிலர் இரவு என்றார்கள், சிலர் பனி என்றார்கள். பிற்பகலில் செந்தில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"சார், இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் யானைன்னு எழுதியிருக்கு."

"எல்லாருமா?"

"ஒண்ணு விடாம. வேற எந்தக் கட்டுலயும் யானை இல்ல. யாரோ ஹால்ல நின்னு தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க சார்."

வரதராஜன் சார் மூன்று தாள்களை வாசித்தார். பேனா படுத்தது. தேர்வு விதிப்படி, அறைக்குள் விடை சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று குழு கருதினால் அந்தப் பள்ளியின் தாள்கள் முழுவதும் நீக்கப்படும். அந்த ஆண்டு மட்டும் அல்ல, அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்தப் பள்ளி தேர்வு எழுத முடியாது.

"எழுதினவன் நான்," என்றார். "யானையை நான் நினைக்கவே இல்லையே."

"நீங்கள் நினைத்தது கணக்கில் வராது சார். தாளில் இருப்பதை வைத்துப் பார்ப்போம். எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்."

அந்தக் கட்டை நான் வாங்கிக்கொண்டேன். தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். செய்தி அறையில் ஒரே நிகழ்ச்சிக்கு வந்த செய்திகளை ஒப்பிடுவது போல, எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தனியாகச் சொன்னதைத் தேடினேன். யானை என்ற விடைக்கு இந்தக் கவிதையில் இடிக்கிற வரி கடைசி வரி. மண் ஏன் மணக்க வேண்டும்? விடை வெளியிலிருந்து வந்திருந்தால் இந்த வரிக்கும் ஒரே விளக்கம் வந்திருக்கும்.

வரவில்லை. ஒருத்தி சாணத்தின் மணம் என்றாள். ஒருத்தி, யானை தென்னங்கன்றை வேரோடு பிடுங்கியதால் ஈரமண் மேலே வந்துவிட்டது என்றாள். ஒருத்தி அந்த வரியைத் தொடவே இல்லை. இன்னொருத்தி, "கடைசி வரி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, ஒருவேளை சாயங்காலம் மழை பெய்திருக்கலாம்" என்று நேர்மையாக எழுதியிருந்தாள். ஒரு தாளில் முதலில் 'மேகம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'யானை' என்று எழுதியிருந்தது. விடை கையில் இருந்தவள் எதற்காக அடித்து எழுதுகிறாள்?

வரதராஜன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்தார்.

"மேல சொல்லுங்க."

மேலே சொல்ல ஒன்று இருந்தது. சொல்லாமல் விட்டால் பேனா எழுந்திருக்கும். ஆனாலும் சொன்னேன். இரண்டு தாள்களில் ஒரு வாக்கியம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது: "ஒடிக்கிற சத்தம் கேட்டால் பயப்படாதே, சத்தம் நின்றால் பயப்படு." இந்த வாக்கியம் கவிதையில் இல்லை. அடுத்தடுத்த பதிவெண்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

"என் கணக்குப்படி இது காப்பி, சார். மற்றவர்கள் காப்பி இல்லை என்று எதை வைத்துச் சொன்னேனோ, அதையே வைத்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது."

"அப்ப ரெண்டையும் எடுத்துரலாம். மத்தது நிக்கட்டும்," என்றார் செந்தில்.

"நேரில் கேட்காமல் எடுக்கக் கூடாது," என்றேன். "ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் வந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்திருக்கலாம். இரண்டு பேரும் முன்பே மூன்றாவது ஆள் ஒருவர் சொல்லக் கேட்டும் இருக்கலாம். எது என்று இந்தத் தாளில் தெரியாது."

வரதராஜன் சார் எண் பட்டியலைத் திறந்து பள்ளியின் பெயரைப் பார்த்தார். கூமாப்பட்டிக்கு அப்பால், மலையை ஒட்டிய ஊர்.

"திங்கக்கிழமை போவோம்," என்றார்.

நானும் வரதராஜன் சாரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தில் போனோம். அந்த இரண்டு தாள்களும் என் பையில் இருந்தன. பள்ளியின் தலைமையாசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டிவிட்டது, முகம் வெளிறியிருந்தது.

"நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கல சார். ஹால்ல நின்னது கணக்கு டீச்சர். அவிய கவிதையவே வாசிக்கலங்காக."

வரதராஜன் சார் தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தார். பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை. வராந்தாவை ஒட்டியிருந்த ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

"ஒடிக்கிற சத்தம் கேட்டா..."

"பயப்படாத!" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது. "சத்தம் நின்னா பயப்படு!"

தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"ஏன் அப்படி?" என்று வரதராஜன் சார் கேட்டார்.

பல கைகள் உயர்ந்தன. ஒரு சிறுமி கையைத் தூக்காமலே தொடங்கிவிட்டாள். "ஒடிச்சா அது திங்குதுன்னு அர்த்தம் சார். அது பாட்டுக்குத் திங்கும். நின்னுச்சுன்னா நம்மளப் பாத்துருச்சு."

"இவ மாமாவுக்குச் சத்தம் நின்னுச்சு சார்," என்றாள் பக்கத்துப் பெண். "செருப்பு, டார்ச் லைட்டு, வேட்டி எல்லாத்தையும் தோப்புலயே போட்டுட்டு ஓடியாந்தாரு."

"ஏட்டி, வேட்டி இல்ல, துண்டு!"

வகுப்பு சிரித்து உருண்டது. வரதராஜன் சார் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். கோடை வந்தால் யானைகள் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் இறங்கும் ஊர் அது. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இந்த வாக்கியத்தையும் சொல்லிப் பழக்குகிறார்கள். இருட்டில் தோப்புக்குள் ஒரு கருமை நின்றால் அந்த ஊரில் யாரும் அதை மேகம் என்று எண்ணி நிற்பதில்லை.

தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்தோம். வரதராஜன் சார் தண்ணீர் குடித்துவிட்டு, "யானைன்னு எழுதின அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்ருவோம், டீச்சர்," என்றார்.

"கூடாது சார்."

"ஏன்? அவங்க வாசிப்புச் சரிதான?"

"யானை என்ற சொல்லுக்கு மதிப்பெண் இல்லை சார். ஒவ்வொரு வரியையும் அதோடு பொருத்திக் காட்டியதற்குத்தான் மதிப்பெண். கடைசி வரியை விட்டவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையும்."

பேனா மேசையில் படுத்தது. நான் அந்த இரண்டு தாள்களையும் எடுத்து அங்கேயே திருத்தினேன். ஒன்று எஸ்தருடையது. அவள் அந்த ஊர் வாக்கியத்தை எழுதி, "ஆகவே இது அச்சத்தைப் பற்றிய கவிதை" என்று முடித்திருந்தாள். கடைசி வரி இல்லை. மற்றது முத்துமாரியுடையது. அதே வாக்கியத்தை எழுதிவிட்டு அவள் இப்படித் தொடர்ந்திருந்தாள்: "இந்தக் கவிதையில் சத்தம் நிற்கவில்லை, நடந்து வருகிறது. ஆகவே பார்க்கிறவருக்குப் பயம் இல்லை. பயந்தவருக்கு மண் மணப்பது தெரியாது. இவருக்குத் தெரிகிறது. இது யானையோடு ஒரே தோப்பில் பயமில்லாமல் நிற்பதைப் பற்றிய கவிதை."

வரதராஜன் சார் அதை இரண்டு முறை வாசித்தார். பேனாவை எடுத்து, என் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒப்பமிட்டார். எஸ்தரின் தாளிலும் ஒப்பமிட்டார். அந்த மதிப்பெண்ணில் முத்துமாரிக்கு இடம் உறுதி. எஸ்தருக்கு எட்டாது.

திருத்திய தாளை மாணவி கேட்டால் காட்ட வேண்டும் என்பதும் விதி. இரண்டு பெண்களையும் வரவழைத்து, நாங்கள் எதற்காக வந்தோம் என்பதைச் சொன்னேன். எஸ்தர் தன் தாளைக் கேட்டாள். பார்த்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

"அவளும் அதே வரிதான எழுதியிருக்கா, டீச்சர்?"

"அதே வரிதான். அதை வைத்து அவள் எங்கே போயிருக்கிறாள் என்று பார்." முத்துமாரியிடம் கேட்டுவிட்டு அவள் தாளையும் கொடுத்தேன்.

எஸ்தர் உதடு அசைய வாசித்தாள். வாசித்து முடித்ததும் முத்துமாரியின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, பரீட்ச முடிஞ்சு வாரப்ப பஸ்ல இதச் சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? எம்புட்டு ஈசியா இருந்துச்சுன்னுல்ல சொல்லிக்கிட்டு வந்த."

எஸ்தர் சிரிக்க முயன்றாள். தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டியவள், பிடியை விடவில்லை.

"டீச்சர், மழைன்னு எழுதுனவங்களுக்கு முழு மார்க்கா?"

"ஆமாம்."

"அவிய 'நடந்து வருகிறது'ங்கிறதுக்கு என்ன எழுதுனாக? மழை பெய்யும், அடிக்கும், தூறும். நடக்குமா?"

நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் விடை தெரியும். மழை என்று எழுதிய தாள்கள் குறிப்போடு ஒத்துப்போனதால் நாங்கள் வரி வரியாகத் தேடவில்லை. சந்தேகப்பட்ட கட்டில் மட்டுமே அந்தத் தேடல் நடந்திருந்தது.

"அந்த வரிய விட்டவங்களுக்கும், கடைசி வரிக்கு எனக்குக் கொறச்ச மாதிரி கொறப்பீகளா?" என்றாள் எஸ்தர்.

"குறைப்போம்," என்றேன்.

திரும்பும் பேருந்தில் வன்னியம்பட்டி தாண்டியதும் வரதராஜன் சார் என் பக்கம் திரும்பினார். "எழுதும்போது மழை நடந்துச்சு, டீச்சர்," என்றார். "இப்ப வாசிச்சா யானைதான் நடக்குது."

மறுநாள் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தோம். செந்தில் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். மாலைக்குள் எங்களைவிட அவர்தான் கடுமையாகிவிட்டார். மழை என்று எழுதியவர்களில் சிலர், காற்றோடு சேர்ந்து மழை தோப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வருவதைச் சொல்லி அந்த வரியைப் பொருத்தியிருந்தார்கள். அவர்களின் மதிப்பெண்ணைத் தொடவில்லை. மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தார்கள். வரதராஜன் சார் ஒவ்வொரு தாளிலும் பழைய மதிப்பெண்ணை அடித்து, புதியதை எழுதி, ஒப்பமிட்டார். தரவரிசையை மறுபடி முதலிலிருந்து எழுதினோம்.

எஸ்தருக்கு அரை மதிப்பெண்கூட ஏறவில்லை. அவளுக்கு மேலே இருந்தவர்கள் சிலர் இறங்கினார்கள். ஜூன் மாதம் அவளும் முத்துமாரியும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.